எம்.எஸ்.டபிள்யூ. படிக்கலாமா? சமூகப்பணிப் படிப்பும் வேலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனையில் சமூகப்பணியாளராக இருக்கிறேன். எங்களிடம் களப்பயிற்சிக்கு வரும் மாணவர்கள், அவர்களின் பெற்றோர், டிகிரி கடைசி வருடத்தில் அடுத்து என்ன என்று யோசிக்கும் பிள்ளைகள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். எம்.எஸ்.டபிள்யூ. என்பது சமூகப்பணியில் இரண்டு வருட முதுகலைப் பட்டம்; பி.எஸ்.டபிள்யூ. அதன் இளங்கலை. பதில்கள் தமிழ்நாட்டு நிலவரத்தை ஒட்டியவை.

ஏழைகளுக்கு உதவ நல்ல மனம் போதாதா? அதற்கு எதற்கு இரண்டு வருடப் படிப்பு?

உதவி செய்ய நல்ல மனமே போதும். ஆனால் ஒரு காசநோயாளி இரண்டாம் மாதத்தோடு மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், நர்ஸ் சொல்லிவிட்டார், அவருக்கும் தெரியும். ஆனாலும் நிறுத்திவிட்டார். ஏன்?

கட்டட வேலைக்கு வேறு ஊர் போயிருக்கலாம். அங்கே மாத்திரையை எங்கே வாங்குவது என்று தெரியாமல் இருந்திருக்கலாம். வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டியிருக்கலாம். மேஸ்திரிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்திருக்கலாம். குடி காரணமாக இருக்கலாம். வீட்டில் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார்களே என்ற வேதனையாகவும் இருக்கலாம். இதில் எது என்று அவரே மனம் திறந்து சொல்லும்படி பேசுவதும், சொன்ன பிறகு அடுத்த அடியை அவரோடு சேர்ந்து எடுப்பதும் பயிற்சியால் வரும் திறமை. சிகிச்சையை அவர் வேலை பார்க்கும் ஊருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். சத்துணவுக்கென்று அரசு தரும் மாதம் 1,000 ரூபாய் கணக்கில் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். மனைவியிடம் பேச வேண்டும். அறிவுரை சொல்வது இதில் மிகச் சிறிய பகுதி. பல நேரம் அது தேவையே இல்லை.

இது புதிதாக வந்த படிப்பா?

இல்லை. 1936-இல் பம்பாயில் சர் தோராப்ஜி டாடா பெயரில் தொடங்கிய பள்ளிதான் இந்தியாவில் முதல். அங்கே நாக்பாடா குடியிருப்பில் ஏழைத் தொழிலாளர்கள் நடுவே வேலை செய்துவந்த கிளிஃபோர்டு மான்ஷார்ட் என்ற அமெரிக்கர் அதன் முதல் இயக்குநர். அதுதான் இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம், சுருக்கமாக 'டிஸ்'.

சென்னையில் 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் வந்தது. உதகமண்டலத்தில் பிறந்த பார்சிப் பெண்மணி அவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தன்னார்வலர்களைத் திரட்டிப் போர்வீரர்களுக்கான பணிகளை நடத்தியவர், பிறகு கில்ட் ஆஃப் சர்வீஸ் என்ற தொண்டு அமைப்பின் வழியாக எத்தனையோ இல்லங்களை நடத்தியவர். அத்தனை தன்னார்வலர்களோடு வேலை செய்த ஒருவரே முறையான பயிற்சிக்கென்று தனியாக ஒரு கல்லூரியை உருவாக்கினார் என்பதை, முதல் கேள்வியைக் கேட்கும் பெற்றோரிடம் நான் தவறாமல் சொல்வேன். எழும்பூரில் அந்தக் கல்லூரி இன்றும் நடக்கிறது.

தமிழ்நாட்டில் வேறு எங்கெல்லாம் படிக்கலாம்?

சென்னையில் லயோலா, ஸ்டெல்லா மாரிஸ். மதுரையில் சமூக அறிவியல் கல்லூரி; மிஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். கோவையில் பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி, திருச்சியில் பிஷப் ஹீபர், திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரி. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திலும், பக்கத்தில் இருக்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் துறை இருக்கிறது. இவை போக ஏராளமான சுயநிதிக் கல்லூரிகள்.

ஒரே கல்லூரியில் எய்டட் பிரிவும் செல்ஃப் ஃபைனான்ஸ் பிரிவும் இருந்தால் கட்டணம் பெரிதும் வேறுபடும். விண்ணப்பத்திலேயே எந்தப் பிரிவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பி.எஸ்.டபிள்யூ. முடித்தால்தான் எம்.எஸ்.டபிள்யூ. சேர முடியுமா?

தேவையில்லை. எந்த டிகிரி முடித்தவரும் சேரலாம். பி.காம்., தமிழ் இலக்கியம், விலங்கியல், எஞ்சினியரிங் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். பி.எஸ்.டபிள்யூ. படித்தவருக்கு முதல் செமஸ்டர் சுலபமாக இருக்கும். அதன் பிறகு வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை. சில கல்லூரிகள் எம்.ஏ. சோஷியல் ஒர்க் என்று பட்டம் தருகின்றன. அதுவும் இதுவும் ஒன்றே.

என்ன பாடங்கள் இருக்கும்?

சமூகவியல், உளவியல், சட்டம், ஆராய்ச்சி முறை. இவற்றோடு தொழிலின் ஆறு முறைகள்: தனிநபர் பணி, குழுப்பணி, சமுதாய ஒருங்கமைப்பு, சமூக நல நிர்வாகம், சமூகப்பணி ஆய்வு, சமூகச் செயல்பாடு. இரண்டாம் வருடம் விருப்பப் பிரிவு. புத்தகப் படிப்பு கடினமில்லை. கஷ்டமும் பலனும் களத்தில் இருக்கின்றன.

'ஃபீல்ட் ஒர்க்' என்கிறார்களே, அதில் என்ன செய்ய வேண்டும்?

இந்தப் படிப்பின் உயிரே அதுதான். பெரும்பாலான கல்லூரிகளில் வாரத்துக்கு இரண்டு நாள் வகுப்பு கிடையாது. அந்த நாட்களில் மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், பள்ளி, தொண்டு நிறுவனம், தொழிற்சாலை என்று ஏதாவது ஓரிடத்தில் இருக்க வேண்டும். இடம் அவ்வப்போது மாறும். கடைசியில் ஒரு மாதம் அளவுக்கு ஒரே நிறுவனத்தில் முழுநேரமாக இருப்பீர்கள். பிளாக் பிளேஸ்மென்ட் என்பது அதுதான். பலருக்கு முதல் வேலையே அங்கிருந்து கிடைக்கிறது.

முதல் சில வாரங்கள் சும்மா உட்கார்ந்திருப்பதுபோலத் தோன்றும். "எனக்கு வேலையே கொடுக்கவில்லை" என்று மாணவர்கள் வருத்தப்படுவார்கள். ஓ.பி. சீட்டு வரிசையில் யார் துணைக்கு ஆளில்லாமல் நிற்கிறார், எந்த ஜன்னலில் ஆட்களைத் திருப்பி அனுப்புகிறார்கள், படிக்கத் தெரியாத பாட்டி சீட்டை யாரிடம் நீட்டுகிறார் என்று கவனிப்பதே அப்போதைய பாடம். அடுத்து ஓரிரு நோயாளிகளை உங்கள் பொறுப்பில் விடுவார்கள். ஒவ்வொரு சந்திப்புக்கும் ரிப்போர்ட் எழுத வேண்டும். என்ன பேசினோம் என்பதோடு, அவர் எந்த இடத்தில் பேச்சை மாற்றினார், அப்போது உங்களுக்கு என்ன தோன்றியது, ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். அதை வைத்துப் பேராசிரியர் உங்களோடு தனியாக உட்கார்ந்து பேசுவார். மாணவர்கள் இதை 'ஐ.சி.' என்பார்கள். ஐ.சி. ஒழுங்காக நடக்கும் துறையில் படித்தவரை இன்டர்வியூவில் சீக்கிரமே தெரிந்துவிடும். ஒரு குடும்பத்தின் கதையைச் சொன்னால் அவர் அந்தக் குடும்பத்தின் மேல் தீர்ப்பு எழுத மாட்டார். இன்னும் இரண்டு கேள்வி கேட்பார்.

கிராமத்தில் ஒரு வாரம் பத்து நாள் தங்கும் முகாமும் உண்டு. தெருவில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போடுவார்கள். கிணறு, பள்ளி, ரேஷன் கடை, சுடுகாட்டுப் பாதை எல்லாவற்றையும் ஊர்க்காரர்களே வரைந்து காட்டுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். அந்தப் படத்தை ஊர்த்தெருவில் வைத்துப் போட்டோமா, காலனியில் வைத்துப் போட்டோமா என்று எத்தனை துறைகள் மாணவர்களைக் கேட்கின்றன என்பதில் எனக்குக் கவலை உண்டு. ஊர்த்தெருவில் போட்ட படத்தில் காலனிக் குழாயில் தண்ணீர் வராதது விட்டுப்போகும். காலனியில் போய் மறுபடி போட்டால் படமே வேறாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காத முகாம் சுற்றுலாவோடு நின்றுவிடுகிறது.

நான் கூச்ச சுபாவம். இந்தப் படிப்பு எனக்கு ஒத்துவருமா?

வரும். நிறையப் பேசுகிறவர்களைவிட, கேட்டுக்கொண்டு உட்காரத் தெரிந்தவர்கள் தனிநபர் பணியில் நன்றாக வருவதைப் பார்த்திருக்கிறேன்.

எந்த விருப்பப் பிரிவை எடுப்பது?

பொதுவாக மூன்று வழிகள்: மருத்துவம் மற்றும் மனநலம்; சமுதாய மேம்பாடு; மனிதவளம். சில இடங்களில் குழந்தை, குடும்ப நலம் தனிப் பிரிவாக இருக்கும். சீனியர்களிடம் "எதில் சம்பளம் அதிகம்" என்று கேட்டு முடிவு செய்கிறவர்கள் அதிகம். முதல் வருடக் களப்பயிற்சியில் எந்த இடத்துக்குக் காலையில் தயக்கமில்லாமல் கிளம்பினீர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மருத்துவமனையில் சமூகப்பணியாளருக்கு என்ன வேலை?

என் வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிறுநீரகச் செயலிழப்பு என்று சொல்லி டயாலிசிஸ் எழுதிக்கொடுத்த அன்றே ஒரு குடும்பத்தின் கணக்கு தலைகீழாகிவிடும். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் மருத்துவமனைக்கு வந்து போக வேண்டும். கூட வருகிறவரின் கூலியும் போகும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். இல்லையென்றால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் மையத்துக்குப் போகச் சொல்ல வேண்டும். சொல்வதோடு முடியாது. யார் போவது, அன்றைக்கு நோயாளியோடு யார் இருப்பது, பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவது என்று அவர்களோடு உட்கார்ந்து தீர்க்க வேண்டும். இதற்கு நடுவில் அவர் "நான் இருந்து எல்லோருக்கும் பாரம்" என்று ஒரு வார்த்தை சொல்வார். டாக்டர் ரவுண்ட்ஸில் அது காதில் விழாது. எங்கள் காதில் விழ வேண்டும்.

புற்றுநோய் மருத்துவமனைகள், கண் மருத்துவமனைகள், எச்.ஐ.வி. பரிசோதனை நடக்கும் நம்பிக்கை மையங்கள், போதை மறுவாழ்வு மையங்கள், வலிநிவாரண சிகிச்சைப் பிரிவுகள் எல்லாவற்றிலும் ஆலோசகராகவோ சமூகப்பணியாளராகவோ இடம் இருக்கிறது.

உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பு தானம் 2008-க்குப் பிறகு அரசுத் திட்டமாக வளர்ந்து, இப்போது டிரான்ஸ்டான் என்ற மாநில உறுப்பு மாற்று ஆணையத்தின் கீழ் நடக்கிறது. சட்டப்படி மருத்துவர் குழு ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதித்து மூளைச்சாவை உறுதி செய்யும். காலையில் பைக்கில் கிளம்பிப் போன மகனின் நெஞ்சு இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போது, அவன் இறந்துவிட்டான் என்பதைத் தாய் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் குடும்பத்தோடு உட்காருகிறவர் இந்த ஒருங்கிணைப்பாளர். முதலில் துக்கத்தோடு இருக்க வேண்டும். தானம் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். அவர்கள் வேண்டாம் என்றால் அதே மரியாதையோடு உடலை வாங்கிப் போக உதவ வேண்டும். 2023 செப்டம்பர் முதல் உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது. இந்த வேலைக்குச் சமூகப்பணி முதுகலை படித்தவர்களுக்கு விதிகளிலேயே முன்னுரிமை உண்டு. சென்னையில் 1997-இல் தொடங்கிய மோகன் ஃபவுண்டேஷன் இதற்கான பயிற்சியைத் தருகிறது.

மனநலச் சமூகப்பணியாளர் ஆக எம்.எஸ்.டபிள்யூ. மட்டும் போதுமா?

வேலை கிடைக்கும். ஆனால் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 'மனநலச் சமூகப்பணியாளர்' என்று யாரைச் சொல்கிறது என்று பாருங்கள்: சமூகப்பணியில் முதுகலைப் பட்டம், அதன் மேல் மேற்பார்வையுடன் கூடிய மருத்துவப் பயிற்சி அடங்கிய இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். இரண்டும் வேண்டும். பெங்களூரில் இருக்கும் தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் இதில் பெரிய பெயர்.

பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) எம்.ஃபில். பட்டங்களை நிறுத்தியபோது, மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 வரை சேர்க்கை நடத்த அவகாசம் கொடுத்தது. ஆகவே நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டில் அந்த நிறுவனம் எந்தப் பட்டத்துக்குச் சேர்க்கிறது என்பதை அதன் சொந்த அறிவிப்பிலேயே பாருங்கள்; யூடியூப் வீடியோவை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

சென்னையில் இந்தத் துறையைக் கற்க நல்ல இடங்கள் உண்டு. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் தொடக்கம் 1794. மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் மனச்சிதைவு நோயாளிகளுக்கானது. தெருவில் விடப்பட்ட மனநோயுள்ள பெண்களுக்காக 1993-இல் தொடங்கியது பான்யன். இதுபோன்ற இடங்களில் களப்பயிற்சி கிடைத்தால் விடாதீர்கள். மாத்திரை ஒத்துக்கொண்டு தேறிவிட்ட ஒரு பெண்ணை அண்ணன் வீட்டில் மறுபடி ஏற்க வைப்பதற்கு எவ்வளவு பேச்சு, எத்தனை நடை வேண்டியிருக்கிறது என்பது அங்கே தெரியும்.

குழந்தைகளுக்காக வேலை செய்ய ஆசை. எப்படிப் போவது?

மாவட்டந்தோறும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் பாதுகாப்பு அலுவலர், ஆற்றுப்படுத்துநர் (கவுன்சிலர்), சமூகப்பணியாளர், புறத்தொடர்புப் பணியாளர் என்ற பதவிகள் அதில் உண்டு. மாவட்ட இணையதளத்தில் அறிவிப்பு வரும். 1098 உதவி எண்ணும் இப்போது இந்த அமைப்போடு சேர்ந்ததுதான். 1996-இல் டிஸ் நிறுவனத்தின் களத்திட்டமாக மும்பையில் பிறந்த எண் அது.

இந்த வேலையின் மையம் ஓர் அறிக்கை. பஸ் ஸ்டாண்டில் தனியாக நின்ற சிறுவனையோ, கல்யாண ஏற்பாட்டிலிருந்து மீட்ட பெண்ணையோ 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழு முன் நிறுத்த வேண்டும். குழு உத்தரவிட்டால் 15 நாளுக்குள் சமூக விசாரணை அறிக்கை வர வேண்டும். வீட்டுக்குப் போய், அக்கம்பக்கம் விசாரித்து, பள்ளி ஆசிரியரிடம் பேசி எழுதுவது அது. அந்தக் குழந்தை வீட்டுக்குப் போகுமா, இல்லத்துக்குப் போகுமா என்பது பெரும்பாலும் அந்தச் சில பக்கங்களைப் பொறுத்தே முடிவாகும். "தாய் நடத்தை சரியில்லை" என்று ஒரு வரியில் எழுதி முடிக்கப்பட்ட அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். அந்தத் தாய் இரவு ஷிஃப்டில் மில் வேலைக்குப் போகிறவளாக இருப்பாள். எதைக் கண்ணால் பார்த்தோம், எதைப் பிறர் சொல்லக் கேட்டோம் என்று பிரித்து எழுதக் கற்றுக்கொடுப்பதற்காகவே இந்தப் படிப்பு வேண்டும் என்பேன்.

அனுபவம் சேர்ந்த பிறகு வேறு பொறுப்புகளும் வரும். இளைஞர் நீதிக் குழுமத்தில் மாஜிஸ்திரேட்டோடு இரண்டு சமூகப்பணியாளர்கள் அமர்கிறார்கள்; அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். குழந்தைகள் துறையில் ஏழு ஆண்டு அனுபவம் கேட்பார்கள்.

எம்.எஸ்.டபிள்யூ. படித்துவிட்டு ஹெச்.ஆர். வேலைக்குப் போகலாமா?

போகலாம், பலர் அதற்காகவே சேர்கிறார்கள். ஒரகடம், ஓசூர், திருப்பூர், கோவை என்று தொழிற்சாலை இருக்கும் இடமெல்லாம் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-ஆவது பிரிவு, 500 அல்லது அதற்கு மேல் தொழிலாளர்கள் இருந்தால் நல அலுவலர் கட்டாயம் என்றது. 2020-இல் இயற்றிய தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த எண்ணிக்கையை 250 ஆக்குகிறது. நல அலுவலர் பதவிக்கு மாநில அரசு அங்கீகரித்த பட்டங்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு. உங்கள் கல்லூரியின் பட்டம் அதில் இருக்கிறதா என்று சேரும் முன்பே கேளுங்கள். இதை எந்தக் கல்லூரி விளம்பரமும் தானாகச் சொல்லாது.

நல அலுவலரும் ஹெச்.ஆர். மேனேஜரும் ஒன்றல்ல. கேன்டீன் சாப்பாடு, குழந்தைகள் காப்பகம், கழிவறை, விபத்து, விடுப்பு, மேலாளர் மேல் புகார் எல்லாம் நல அலுவலரிடம் வரும். சம்பளம் நிர்வாகத்திடமிருந்து வருகிறது, பொறுப்போ தொழிலாளியிடம் இருக்கிறது. நூற்பாலை விடுதியில் தங்கி வேலை பார்க்கும் ஒடிசாப் பெண் காய்ச்சலோடு ஷிஃப்டுக்கு நிறுத்தப்பட்டால் அதைத் தடுக்கச் சட்டப்படி அங்கே இருக்கிற ஆள் நீங்கள்தான். தனிநபர் பணியில் கற்றதையெல்லாம் தொழிற்சாலை வாசலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்று என் மாணவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன்.

தொண்டு நிறுவனம், சி.எஸ்.ஆர். பக்கம் எப்படி இருக்கிறது?

2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின்படி, 500 கோடி நிகர மதிப்போ 1,000 கோடி விற்றுமுதலோ 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனம் கடந்த மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்கு, அதாவது சி.எஸ்.ஆருக்கு, செலவிட வேண்டும். அந்தப் பணத்தைத் திட்டமிட, கண்காணிக்க ஆட்கள் தேவை. ஆங்கிலத்தில் அறிக்கை எழுதவும் எக்ஸலில் வேலை செய்யவும் வர வேண்டும்.

வெளிநாட்டு நிதியை நம்பிய தொண்டு நிறுவனங்கள் 2020-க்குப் பிறகு சுருங்கியிருக்கின்றன. அந்த ஆண்டு வந்த சட்டத்திருத்தம் நிர்வாகச் செலவு வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆக்கியது. ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டு நிதியை இன்னொன்றுக்குக் கொடுப்பதையும் தடுத்தது. சின்ன ஊர்களில் பெரிய நிறுவனத்தின் வழியாக நிதி பெற்றுவந்த சிறு அமைப்புகள்தான் அதிகம் அடிபட்டன. ஆனாலும் செங்கல் சூளையில் கொத்தடிமையாக இருக்கும் குடும்பத்தைப் பற்றி முதல் தகவல் கொடுப்பது இன்றும் அப்படிப்பட்ட சிறு அமைப்பின் ஊழியர்தான்.

அரசு வேலை உண்டா? சம்பளம் எவ்வளவு?

நிரந்தர வேலைகள் உண்டு, குறைவு. நன்னடத்தை அலுவலர் போன்ற பதவிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு எப்போதாவது வரும். கல்லூரி ஆசிரியராக நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டும், அல்லது முனைவர் பட்டம் வேண்டும். மற்றவை பெரும்பாலும் ஒப்பந்தம்: ஒருங்கிணைந்த சேவை மையம், 181 பெண்கள் உதவி எண், மாவட்ட மனநலத் திட்டம், குழந்தைகள் பாதுகாப்பு அலகு.

ஒளிவுமறைவில்லாமல் ஒரு எண் சொல்கிறேன். மிஷன் வாத்சல்யா நெறிமுறையில் சமூகப்பணியாளருக்கும் ஆற்றுப்படுத்துநருக்கும் மாதம் 18,536 ரூபாய். பாதுகாப்பு அலுவலருக்கு 27,804. ஒரு குழந்தையின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் அறிக்கையை எழுதுகிறவருக்கு இந்தச் சம்பளம் போதாது. இதைச் சேவை என்று சொல்லிக் குறைத்துக் கொடுக்கிறார்கள். வாங்குகிறவர்களும் கேட்கத் தயங்குகிறார்கள். வாடகையும் பஸ் கட்டணமும் எல்லோருக்கும் ஒன்றுதானே. தனியார் மருத்துவமனை, சி.எஸ்.ஆர்., ஹெச்.ஆர். வேலைகளில் தொடக்கமும் வளர்ச்சியும் இதைவிட நன்றாக இருக்கும். கல்விக் கடன் வாங்கிச் சேர்கிறவர்கள் இந்த எண்ணை முன்னால் வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

டாக்டர், வக்கீல்போல நாங்களும் எங்காவது பதிவு செய்துகொள்ள வேண்டுமா?

சமூகப்பணி முழுவதற்குமான தேசிய கவுன்சில் இந்தியாவில் இல்லை. பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். 2021-ஆம் ஆண்டுத் துணைநிலை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தில் மருத்துவ, மனநலச் சமூகப்பணியாளர்கள் இடம்பெற்றிருக்கிறார்கள். அந்த அளவுக்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. மற்றபடி இங்கே யார் வேண்டுமானாலும் விசிட்டிங் கார்டில் சமூகப்பணியாளர் என்று போட்டுக்கொள்ளலாம். சம்பளம் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பெண்பிள்ளையைத் தனியாக வீடு வீடாக அனுப்புவார்களாமே, பாதுகாப்பா?

இது நியாயமான கேள்வி. கேட்கும் பெற்றோரை அலட்சியப்படுத்தக் கூடாது. புது இடத்துக்கு முதல் முறை போகும்போது நிறுவனத்தின் ஊழியரோ அந்தப் பகுதி அங்கன்வாடிப் பணியாளரோ கூட வர வேண்டும். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பது மேற்பார்வையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருட்டிய பிறகு வீட்டுச் சந்திப்பு கூடாது. களத்தில் யாராவது தப்பாக நடந்தால் மாணவி சொன்ன அன்றே இடத்தை மாற்றித் தருவது கல்லூரியின் கடமை. உள்ளகப் புகார் குழுவிடம் போகலாம். "ஃபீல்டில் இதெல்லாம் சகஜம்" என்று சொல்லும் துறையில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

தினமும் துக்கத்தைப் பார்த்தால் மனசு கெட்டுப்போகாதா?

பாதிக்கும். தூக்கம் கெடும், சில குடும்பங்கள் வீடு வரைக்கும் கூடவே வரும். அதைத் தனியாகச் சுமக்காமல் இருப்பதற்காகத்தான் மேற்பார்வை என்ற ஏற்பாடு. வேலைக்குச் சேர்ந்த பிறகும் மூத்தவர் ஒருவரோடு முறையாக உட்கார்ந்து பேசும் வழக்கத்தை விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை மற்றவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறோம். நமக்கும் அது இருக்கிறது.

தொலைநிலையில் படிக்கலாமா?

வேலையில் இருந்துகொண்டு தகுதி உயர்த்த நினைப்பவருக்கு இக்னோ என்ற இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நல்ல வழி. அதிலும் களப்பயிற்சி கட்டாயம். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர் முடிந்தவரை நேரடி வகுப்பில் சேருங்கள். வாராவாரம் உங்கள் ரிப்போர்ட்டைப் படித்துத் திருத்தும் ஒருவர் இல்லாமல் இதைக் கற்பது கடினம்.

வெளிநாட்டு வாய்ப்பு?

உண்டு. இங்கிலாந்து, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, கனடா எல்லாவற்றிலும் சமூகப்பணியாளருக்குத் தேவை இருக்கிறது. ஆனால் படிப்பை மதிப்பிட்டுப் பதிவு செய்ய வேண்டும். இங்கிலாந்தில் பதிவு இல்லாமல் அந்தப் பெயரைப் பயன்படுத்துவதே குற்றம். எல்லா நாட்டிலும் களப்பயிற்சி மணிநேரத்துக்கு ஆதாரம் கேட்பார்கள். ஆகவே முதல் செமஸ்டரிலிருந்தே வருகைப் பதிவு, நிறுவனக் கடிதம், பாடத்திட்டம் எல்லாவற்றையும் கையெழுத்து, முத்திரையோடு பத்திரப்படுத்துங்கள். பத்து வருடம் கழித்துக் கேட்டால் எந்த அலுவலகத்திலும் தேடி எடுக்க முடியாது.

நல்ல கல்லூரியை எப்படிக் கண்டுபிடிப்பது?

கட்டடத்தையும் பிளேஸ்மென்ட் போஸ்டரையும் பார்க்காமல் துறைக்குப் போய்க் கேளுங்கள். ஒரு பேராசிரியர் எத்தனை மாணவரின் களப்பயிற்சியைப் பார்க்கிறார்? ஐ.சி. வாராவாரம் நடக்கிறதா? போன வருடம் எந்தெந்த நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள்? அங்கே படித்த சமூகப்பணியாளர் இருக்கிறாரா, அல்லது மாணவர்களைப் பைல் எடுத்து வைக்கத்தான் வைத்துக்கொள்கிறார்களா? முடிந்தால் இரண்டாம் வருட மாணவர் ஒருவரின் களப்பயிற்சி ரிப்போர்ட் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள்; பெயர்களை மறைத்தே எழுதியிருப்பார்கள், எழுதியிருக்கவும் வேண்டும். ஓரத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் கேள்விகள் எழுதியிருந்தால் தைரியமாகச் சேருங்கள். கையெழுத்து மட்டும் இருந்தால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.

எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

டிஸ், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு கியூட் பி.ஜி. என்ற முதுகலைப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். விண்ணப்பம் குளிர்காலத்திலேயே வந்துவிடுகிறது. மே மாதம் விசாரிக்கத் தொடங்குகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பெரும்பாலும் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை தனித்தனியாக விண்ணப்பம் வாங்குகின்றன. சில இடங்களில் எழுத்துத் தேர்வு, குழு விவாதம், நேர்காணல் உண்டு. கடைசி செமஸ்டர் முடிவு வராவிட்டாலும் முந்தைய மதிப்பெண் பட்டியல்களோடு விண்ணப்பிக்கலாம்.